படச் சீட்டுக்கு ஒரு ஜாபிதா

மயிலாப்பூர்க் குடும்பங்களில் ஜாபிதா இல்லாத பண்டம் அநேகமாக ஒன்றுமில்லை. கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களுக்கு ஜாபிதா உண்டு. அது போதாதென்று ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் பெயர் வெட்டப்பட்டிருக்கும். சலவைக்குப் போகும் துணிக்குக் கணக்கு உண்டு. நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி அடுக்கும் அம்மாள், எந்தப் பெட்டியில் தசாவதாரம், எதில் செட்டியார் தம்பதி என்று மூடியின் மேல் எழுதி வைக்கத் தவறுவதில்லை. ஆனால் அதே வீட்டில், எஜமானருடைய பீரோவின் அடித்தட்டில், ஒரு பழைய பிஸ்கோத்துத் தகர டப்பா இருக்கும். அதனுள் இருப்பது இன்னதென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது.

இவ்வாரம் அந்த டப்பாவைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

விளையாட்டு வீரர்களின் படங்களையும் சீட்டுக்களையும் சேர்ப்பது நம் பட்டணத்துக்குப் புதிய பழக்கமன்று. லஸ்ஸில் வாழ்ந்து 1908-ஆம் வருஷம் காலமான புச்சிபாபு நாயுடு காலத்திலிருந்தே கிரிக்கெட் ஆட்டம் மயிலாப்பூரின் சொந்த ஆஸ்தியாகிவிட்டது. ஆட்டம் வந்த இடத்திற்குப் படமும் வந்தது. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனியார் 1896-இல் சிகரெட் பெட்டிக்குள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படச் சீட்டுக்களை வைத்து, 50 சீட்டுக் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டார்கள். சஸ்ஸெக்ஸ் அணிக்காக ஆடிய ரஞ்சித்சிங்கின் உருவமும் அக்காலத்துச் சிகரெட் சீட்டுக்களில் வெளிவந்தது. ஜான் பிளேயர் கம்பெனியார் 1938-இல் வெளியிட்ட 50 சீட்டுத் தொகுதியை இன்றும் தேடுவோர் பலர். யுத்தத்தில் காகிதத் தட்டுப்பாடு வரவே, 1940-இல் பிரிட்டிஷ் சிகரெட் பெட்டிகளிலிருந்து படங்கள் மறைந்தன.

அதன் பிறகு பத்திரிகைகளின் காலம் பிறந்தது. சென்னையிலிருந்து 1947 முதல் 1968 வரை வெளிவந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகையின் படங்களைக் கத்தரித்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டாத பள்ளிச் சிறுவன் அந்நாளில் அபூர்வம். 1978-இல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ தோன்றியது; அதன் நடுப்பக்க வர்ணப் படங்கள் தியாகராயநகர் வீடுகளின் சுவர்களை அலங்கரித்தன. பிறகு பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் படம் கிடைத்தது. வகுப்பறைப் பெஞ்சுக்கடியில் ‘டிரம்ப் கார்டு’ கைமாறியது. ஐ.பி.எல். பந்தயங்களை ஒட்டி டாப்ஸ் கம்பெனியின் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ சீட்டுக்களும் வந்தன. இவற்றோடு, 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் பெற்றபோது வாங்கிய டிக்கட்டுத் துண்டு, 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய ஆட்டம் சமமாக முடிந்த தினத்து ஸ்கோர் கார்டு, வீரர் ஒருவர் கையெழுத்திட்ட காகிதம் ஆகியவையும் டப்பாவில் சேர்ந்திருக்கலாம்.

எஜமானர் இருக்கும் வரையில் இவற்றுக்கு ஒரு குறைவும் இல்லை. அவர் கண்ணை மூடிய பிறகு நடப்பது என்ன? இரண்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பதினைந்து நாள் லீவில் வந்து வீட்டை ஒழிக்கிறார்கள். டப்பாவிலுள்ளது பழைய காகிதக்காரரின் தராசில் ஏறிவிடுகிறது. அல்லது, எங்கோ ஒரு பழைய சீட்டு கோடிக்கணக்கில் விலை போயிற்று என்று கைபேசியில் பார்த்த மருமகப் பிள்ளை, “டப்பாவை யார் எடுத்துக்கொண்டது?” என்று கேட்கிறார். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடுகிறது. முதலாவது, ‘இதில் ஒன்றுமில்லை’ என்னும் பொய்யால் வரும் கேடு. இரண்டாவது, ‘இதில் ஐசுவரியமே இருக்கிறது’ என்னும் பொய்யால் வரும் கேடு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஜாபிதா.

கோடிக்கணக்கில் விலை போனது கட்டுக்கதையன்று. டாப்ஸ் கம்பெனி 1952-இல் வெளியிட்ட, மிக்கி மாண்டில் என்னும் பேஸ்பால் வீரரின் சீட்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய். ஆனால் இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். விற்காமல் தேங்கிப்போன அதே 1952-ஆம் வருஷத்துச் சீட்டுக்களைப் பின்னால் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக அக்கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஸை பெர்கரே சொல்லியிருக்கிறார். ஒரே பண்டம் ஒரு காலத்தில் குப்பை; மற்றொரு காலத்தில் குபேர சம்பத்து. இன்று நம் வீட்டு டப்பாவில் இருப்பது இவ்விரண்டில் எந்தப் பக்கத்துக்கு அருகில் நிற்கிறது என்பதை, சேர்த்தவர்தாம் சொல்ல முடியும். அநேகமாக எல்லா வீட்டுச் சேகரமும் குப்பைக்கும் சம்பத்துக்கும் இடையில், குப்பைக்குச் சற்றே அருகில் நிற்பதுதான் உண்மை. அதையும் மனமறிந்து எழுதி வைப்பதே பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம்.

ஜாபிதாவின் மகிமையை அறிய வேண்டுமானால் ஜெபர்ஸன் பர்டிக் என்னும் அமெரிக்கரின் சரித்திரத்தைக் கேட்க வேண்டும். ஸிரக்யூஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மின்சாரச் சாமான்களைப் பொருத்தும் எளிய வேலை அவருக்கு. கீல்வாதத்தால் விரல்கள் மடங்கிப் போயின. அவர் சேர்த்த காகிதச் சீட்டுக்கள் மூன்று லட்சத்துக்கு மேல். அவற்றில் பேஸ்பால் சீட்டுக்கள் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேல். அவரிடம் செல்வமில்லை, ஆனால் ஒழுங்கு இருந்தது. எந்தக் கம்பெனி, எந்தக் காலம், எந்தச் சரக்கோடு வந்தது என்று வகுத்து, 1939-இல் ஒரு ஜாபிதாவை அச்சிட்டார்; வகைக்கு ஓர் எழுத்தும் தொகுதிக்கு ஓர் எண்ணும் கொடுத்தார். பல லட்சம் டாலர் பெறும் ஹோனஸ் வாக்னரின் சீட்டை ‘டி-206’ என்று உலகமெங்கும் இன்று அழைக்கிறார்களே, அந்த எண் அவர் இட்டதுதான். தம் சேகரம் முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்ததோடு நில்லாமல், தாமே அங்கே சென்று உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. அவ்வருஷம் மார்ச்சு மாதம் அவர் காலமானார். இங்கிலாந்தில் எட்வர்ட் வார்ட்டன்-டைகர் என்பவர் தாம் சேர்த்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சிகரெட் சீட்டுக்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு உயில் மூலம் விட்டு 1995-இல் காலஞ்சென்றார். இவர்களுடைய சீட்டு தராசில் ஏறவில்லை. பிள்ளைகளிடையே வழக்காகவும் ஆகவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும், பிறர் தூக்கியெறியும் துண்டுக் காகிதங்களையும் கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ சர்வகலாசாலையார் அச்சேகரத்தை வாங்கினர். 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. இன்று அது அடையாற்றுக்கு அப்பால் தரமணியில் இயங்குகிறது. துண்டுக் காகிதத்தையும் வகைப்படுத்தி வைத்தால் அது சரித்திரமாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி, ஜாபிதா எழுதும் முறை. பெரிய ரிஜிஸ்தர் ஒன்று போதும். கம்ப்யூட்டரில் எழுதுவோர் அதில் எழுதலாம். ஒவ்வொரு முக்கியமான சீட்டுக்கும் ஓர் எண், பிறகு வீரர் பெயர், வெளியிட்ட கம்பெனி, வருஷம், தொகுதியின் பெயர், அதில் எத்தனையாவது சீட்டு, நிலைமை, யாரிடமிருந்து, எப்போது, என்ன விலைக்கு வந்தது, இப்போது எங்கே இருக்கிறது. நிலைமையை எழுதும்போது கருணை காட்டக்கூடாது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவது பெண் பார்க்கப் போய் வந்தவர் பேச்சுப் போல் இருக்கும். ‘வலப்புற மேல் மூலை மடிந்தது, பின்புறம் பசைக் கறை’ என்று எழுதுவதே பிரயோஜனம். முன்புறம் பின்புறம் இரண்டையும் படம் பிடித்து, அதே எண்ணைப் படத்துக்கும் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுத வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். விலை பெறும் சீட்டுக்களைத் தனித்தனியாகவும், மற்றவற்றை ‘பபிள்கம் படங்கள், ஒரு டப்பா, சுமார் 300’ என்று மொத்தமாகவும் எழுதினால் போதும். சீட்டின் மேல் பேனாவால் எண் போடக் கூடாது. அதை வைக்கும் உறையின் மேல் எழுதலாம். பி.வி.சி. உறை நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். ஆவணக் காப்பகங்களில் வழங்கும் பாலியெஸ்டர் உறை நல்லது. பசை, செல்லோ டேப் இரண்டும் சத்துருக்கள். ‘லாமினேஷன்’ செய்து பாதுகாப்பதாக எண்ணுகிறவர்கள் நம்மிடையே மிகப் பலர். அது மம்மி செய்வது போலத்தான். உருவம் நிற்கும், விலை போய்விடும்.

அடுத்தது மதிப்பு. கடைக்காரர் கேட்கும் விலை மதிப்பாகாது. ஏலத்தில் ஒருவர் உண்மையிலேயே கொடுத்த விலைதான் மதிப்பு. அதே சீட்டு, அதே நிலைமையில், அண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, பார்த்த தேதியையும் இடத்தையும் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். மாண்டில் சீட்டு நூறு கோடி பெற்றது அது பழையது என்பதனால் மட்டுமன்று. எழுபது வருஷம் கழித்தும் மூலை மடியாமல் இருந்ததனால். மூலை மடிந்த அதே சீட்டுக்கு அதில் சிறு பின்னமே கிடைக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மதிப்புப் பத்தியைத் திருத்தி எழுதுவது நல்லது.

இப்போது இன்ஷூரன்ஸ் விஷயம். ‘வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்போர் அந்தப் பாலிசியைப் பூதக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்கள், நாணயங்கள் ஆகியவை பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டாலொழிய நஷ்ட ஈட்டுக்கு உட்படா என்னும் ஷரத்து வீட்டுப் பாலிசிகளில் சாதாரணமாகக் காணப்படும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனிகள் விற்க வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுப் பாலிசியில், நகை, ஓவியம், கலைப்பொருள், அபூர்வப் பொருள் முதலியவற்றை முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. மொத்தம் 5 லட்ச ரூபாய்க்கும், தனிப் பொருள் ஒன்று 1 லட்ச ரூபாய்க்கும் மேற்படாமலிருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழும் கேட்பதில்லை. ஆனால் காகிதச் சீட்டு ‘அபூர்வப் பொருள்’தானா என்று பின்னால் கம்பெனியும் நாமும் வாதாடுவதைவிட, ஜாபிதாவைக் கொடுத்து எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்வதே விவேகம். திருட்டுக்குப் பெரும்பாலும் தனிப் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும், கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்றதற்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளம் நமக்கு வராது என்று சென்னையில் எவரும் இனிச் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீரும் பெருமழை நீரும் ஒன்று சேர்ந்து அடையாறு கரை புரண்டபோது, கோட்டூர்புரத்திலும் அடையாற்றுக் கரையோரங்களிலும் கீழ்க்கட்டு வீடுகளில் பீரோவின் அடித்தட்டுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் பாலிசிக்காரர் வந்து கண்ணால் பார்க்கலாம். கூழாய்ப் போன காகிதத்தில் எதைப் பார்ப்பது? என்ன இருந்தது என்று நிரூபிக்க ஜாபிதாவும் படமும் ரசீதும்தான் உண்டு. அந்த ஜாபிதாவும் அதே பீரோவில் நனைந்திருந்தால் யாது பயன்? ஆகையால் ஒரு பிரதி வீட்டில். ஒரு பிரதி வெளியூரிலுள்ள மகளிடமோ பாங்கி லாக்கரிலோ. டப்பாவைப் பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றச் செலவு ஒன்றுமில்லை.

முடிவாக, உயில். இதைப் பேச நம்மவர்க்குக் கூச்சம் அதிகம். உயில் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும் என்னும் பயமும் சிலருக்கு உண்டு. உயில் எழுதாமல் இறந்தவர்களும் இறக்கத்தான் செய்தார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி, உயிலின்றி ஓர் ஆண் இறந்தால் அவருடைய சுயார்ஜித ஆஸ்தி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சரிபங்காகச் சேரும். மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் உள்ள குடும்பத்தில் 50 சீட்டுத் தொகுதியைப் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டரைச் சீட்டு. அந்த அரைச் சீட்டை யார் கிழிப்பது? தொகுதி பிரிந்தால் அதன் மதிப்பும் பிரிந்துவிடும் என்பதைச் சேர்த்தவர் அறிவார். பங்கு கேட்பவர் அறியார். எனவே, இன்ன தொகுதி முழுதாக இன்னாருக்கு, அதன் மதிப்புக்கு ஈடாக மற்றவர்க்கு இன்னது என்று உயிலில் குறித்தால் மனஸ்தாபத்துக்கு வழியில்லை.

உயிலை வெள்ளைக் காகிதத்திலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதியவர் கையொப்பமும், அதைக் கண்ட இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமன்று, செய்தால் நல்லது. ஜாபிதா மட்டும் உயில் ஆகாது. உயிலில் ‘இன்ன தேதியிட்ட ஜாபிதாவில் கண்டபடி’ என்று குறித்தால் இரண்டும் சேர்ந்து பேசும். சென்னை நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயிலுக்கு ஹைகோர்ட்டில் பிரொபேட் வாங்க வேண்டும் என்பது வெகு காலம் விதியாயிருந்தது. சட்டங்கள் திருத்தப்பட்டு வருவதால், எழுதும் சமயத்தில் வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்வது நலம். 1953-இல் வந்த மரண ஆஸ்தி வரி 1985-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மதிப்பை உள்ளபடி எழுதுவதில் அந்தப் பயமும் இல்லை.

ஜாபிதாவின் கடைசிப் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுவோம். எதை வைத்துக்கொள்ள வேண்டும்; எதை விற்கலாம், யாரிடம் விசாரித்து விற்கலாம்; எதை எந்த நூலகத்துக்குக் கொடுக்கலாம். நூலகத்தாரைத் தாம் இருக்கும்போதே கேட்டு வைப்பது அவசியம். இடமில்லாத நூலகத்துக்கு விட்ட தானம் மறுபடியும் தராசுக்கே போய்ச் சேரும். நான்காவதாக ஒன்றும் உண்டு. அதற்குச் சட்டமும் இல்லை, பிரீமியமும் இல்லை. ஒவ்வொரு சீட்டும் தமக்கு வந்த கதையை இரண்டு வரி எழுதுவது. லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கியதா, காலேஜ் சிநேகிதன் கொடுத்ததா, தகப்பனார் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்ற நாளில் கிடைத்ததா? சந்தை விலை இறங்கினாலும் அந்த இரண்டு வரியின் விலை அவ்வீட்டில் இறங்காது.

வேலை பெரிதென்று மலைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பி ஆனதும் ஒரு டப்பாவைத் திறந்து இருபது சீட்டு எழுதினால், ஒரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் முடிந்துவிடும். எழுத்து வேலைக்குப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். அவன் எழுதுவான், கேள்வி கேட்பான். ஜாபிதா முடியும்போது சேகரத்துக்கு ஒரு வாரிசும் ஏற்பட்டிருப்பான். அவ்வாரிசு பேத்தியாக இருந்தால், கையெழுத்து இன்னும் திருத்தமாக இருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.